லென்ஸ், ரப்பர், டெட் போர்டு: பழைய கேம் கன்சோல்களுக்கு உதிரிபாகம் எங்கிருந்து வரும்?

2018 ஆகஸ்ட் இறுதியோடு ஜப்பானில் பிளேஸ்டேஷன் 2 பெட்டிகளைப் பழுதுபார்க்க ஏற்பதைச் சோனி நிறுத்திக்கொண்டது. நின்டெண்டோ இந்த முடிவுக்கு முன்பே வந்துவிட்டது. ஃபேமிகாம், சூப்பர் ஃபேமிகாம் இரண்டுக்கும் 2007 அக்டோபரோடு அது பழுதுபார்ப்பை மூடியது. உதிரிபாகம் கிடைப்பது கடினமாகிவிட்டது என்றது. பெட்டியைச் செய்தவர்களே கைவிட்டுவிட்டால் அதன் பாகங்களை இனி யார் செய்வது? இந்தக் கேள்வியை ஓசூரிலிருந்து கேட்பதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. 1970களில் சிப்காட் வந்தது முதல் அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று வளர்ந்து, இன்று ஐபோன் உறை செய்யும் டாடா எலக்ட்ரானிக்ஸ் வரை வந்திருக்கும் வட்டாரம் இது. பெரிய ஆலைகளைச் சுற்றி மோல்டிங், பிரஸ், ரப்பர், ஒயர் கட் என்று ஜாப் ஒர்க் கூடங்கள் நிறைந்திருக்கின்றன. அப்படியும், பரண்மேல் கிடக்கும் பிஎஸ்2 ஓடவில்லையென்றால் ஓசூர்க்காரர் அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்குத்தான் பெரும்பாலும் பஸ் ஏறுகிறார். அங்கே கிடைப்பதும் சீனத்திலிருந்து வந்த சரக்குதான்.

முதலில் நம்மிடம் என்னென்ன பெட்டிகள் இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். ஏனென்றால் இணையத்தில் கிடைக்கும் பழுதுபார்ப்பு அறிவுரைகளில் பெரும்பகுதி அமெரிக்க, ஜப்பானியப் பெட்டிகளுக்கானது. 1990களில் தமிழ்நாட்டு வீடுகளில் ‘டிவி கேம்’ என்ற பெயரில் ஓடியவை பெரும்பாலும் ஃபேமிகாமின் நகல்கள். சாமுராய், மீடியா, லிட்டில் மாஸ்டர் என்ற பெயர்கள் அந்தத் தலைமுறைக்கு நினைவிருக்கும். பெயரே இல்லாதவை இன்னும் அதிகம். அதே பத்தாண்டின் நடுவில் ஷா வாலஸ் நிறுவனம் சேகா மெகா டிரைவை இங்கே விற்றது, ஆனால் விலை நடுத்தர வீட்டுக்கு எட்டவில்லை. பிறகு பிஎஸ்1, அதன்பின் நாட்டையே பிடித்துக்கொண்ட பிஎஸ்2. இவற்றோடு அமெரிக்கா போன அண்ணன், மாமா கொண்டுவந்து கொடுத்த எக்ஸ்பாக்ஸ், டிரீம்காஸ்ட் சில.

ஃபேமிகாமின் அமெரிக்க வடிவமான என்.இ.எஸ். பெட்டியின் பெரிய தலைவலி, கேசட்டைப் படுக்கவைத்துச் செருகி அழுத்தும் 72 முனை கனெக்டர். அது தளர்ந்துபோனால் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மினுங்கும். அதற்கு மாற்றுக் கனெக்டர் விற்பதே அங்கு ஒரு தொழில். நம் நகல்கள் ஜப்பானிய முறையில் மேலிருந்து நேராகச் செருகும் 60 முனை கொண்டவை. அந்த நோய் இவற்றுக்கு இல்லை. அழுக்கேறிய முனையை ஐபிஏவும் (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) பஞ்சும் கொண்டு துடைத்தால் பாதிப் பெட்டிகள் உயிர்பெற்றுவிடும். கேசட்டை வாயால் ஊதும் பழக்கம்தான் எச்சில் ஈரத்தால் அந்த முனைகளைக் கறுக்கவைத்தது. இதைச் சொன்னால் நாற்பது வயதுக்காரர் யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

நகல்களின் உண்மையான சிக்கல் வேறு. அசல் ஃபேமிகாமில் ரிக்கோ நிறுவனத்தின் 2ஏ03 என்ற மையச் செயலியும் 2சி02 என்ற படச் செயலியும் தனித்தனியே இருந்தன. ஆரம்பகால நகல்களிலும் தைவானின் யு.எம்.சி. செய்த இரு சில்லுகள் தனியாக இருக்கும். ஒன்று போனால் இன்னொரு செத்த பெட்டியிலிருந்து எடுத்து மாற்றலாம். பின்னர் வந்தவற்றில் எல்லாம் ஒரே சில்லாகிவிட்டது. அதையும் உறையில்லாமல் போர்டிலேயே ஒட்டி, மேலே கறுப்பு எப்பாக்ஸியை ஊற்றிவிட்டார்கள். அந்தக் கறுப்புப் பொட்டுக்கு உள்ளே ஏதாவது போனால் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆகவே இந்த வகைப் பெட்டிகளில் பழுதுபார்ப்பு என்பது பொட்டைச் சுற்றியுள்ளவற்றோடு முடிகிறது: 7805 ரெகுலேட்டர், சுவிட்ச், ஒயர், பேடின் ரப்பர், அடாப்டர்.

அடாப்டரைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பழைய பெட்டிகளைக் கொல்வதில் வயதுக்கு அடுத்த இடம் அதற்குத்தான். ஃபேமிகாமும் முதல் மெகா டிரைவும் நடுமுனை மைனஸ் உள்ள டிசி அடாப்டரை எதிர்பார்ப்பவை. இன்று கடையில் வாங்கும் ரௌட்டர் அடாப்டர்கள் கிட்டத்தட்ட எல்லாமே நடுமுனை பிளஸ். பின் பொருந்துகிறது, வோல்டும் 9 என்று எழுதியிருக்கிறது என்று செருகினால் ரெகுலேட்டரோ அதற்கு அப்பால் உள்ளதோ போய்விடும். அமெரிக்க என்.இ.எஸ். அடாப்டரோ டிசியே கொடுக்காது. அது 9 வோல்ட் ஏசி. அதைக் கொண்டுபோய் நகலில் செருகியவர்களும் உண்டு. அமெரிக்காவிலிருந்து வந்த பிஎஸ்2, எக்ஸ்பாக்ஸ் ஆகியவற்றின் உள் பவர் சப்ளை 120 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் ஒரு சத்தத்தோடு கதை முடியும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குவது ஒரு வழி. நம் ஊர் மின்சாரத்துக்கான பவர் சப்ளை போர்டை உள்ளே மாற்றிவிடுவது அதைவிட நல்ல வழி.

முதல் எக்ஸ்பாக்ஸைத் திறந்தால் பலவற்றில் பவர் சப்ளையின்மேல் டெல்டா என்ற பெயர் இருக்கும். அதே தைவான் குழுமத்துக்குக் கிருஷ்ணகிரியை அடுத்த குருபரப்பள்ளியில் ஆலை இருக்கிறது. அங்கே கன்சோலுக்கான பலகை எதுவும் செய்யப்படுவதில்லை, செய்யச் சொல்லிக் கேட்பவரும் இல்லை. 20 ஆண்டுப் பழைய ஒரு பவர் சப்ளையைத் திரும்பச் செய்யும் திறன் இந்த மாவட்டத்தில் உண்டு என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். தடை எண்ணிக்கையில்தான் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்து கெபாசிட்டர். பெட்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் வயதாகிப்போகும் பாகம் இது. 1990இல் வந்த சேகா கேம் கியரில் போர்டோடு ஒட்டிய சிறிய எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர்கள் கசிந்து, படம் மங்கி ஒலி அடங்கிப்போவது கிட்டத்தட்ட உறுதி. 2001இல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸில் கடிகாரத்துக்காக வைத்த ஒரு கெபாசிட்டர், கடைசி 1.6 பதிப்பு நீங்கலாக மற்றவற்றில் கசிந்து, போர்டின் தாமிரக் கோடுகளையே அரித்துத் தின்றுவிடும். அதைக் கழற்றி எறிந்தால் பெட்டி நன்றாகவே ஓடும். நேரம் மட்டும் மறந்துபோகும். டிரீம்காஸ்டில் இருப்பது சார்ஜ் ஏறும் எம்.எல்.2032 பேட்டரி. அந்த இடத்தில் கடையில் கிடைக்கும் சாதாரண சிஆர்2032ஐ அப்படியே வைத்தால் பெட்டி அதற்கும் சார்ஜ் ஏற்றப் பார்க்கும், அது ஆபத்து. இந்த வகைப் பாகங்கள் எல்லாம் இன்றும் உலகெங்கும் செய்யப்படுபவை, எஸ்.பி. ரோட்டிலும் சென்னை ரிச்சி தெருவிலும் சில ரூபாய்க்குக் கிடைப்பவை. 2006க்கு முந்தைய போர்டுகளில் பெரும்பாலும் ஈயம் கலந்த சால்டர் இருப்பதால் கழற்றுவதும் எளிது. இங்கே பற்றாக்குறை பாகத்தில் இல்லை, பொறுமையில்.

இப்போது பிஎஸ்2. 2000 மார்ச்சில் ஜப்பானில் பிறந்து, 2013 வரை தயாரிக்கப்பட்டு, உலகெங்கும் 15 கோடிக்கு மேல் விற்ற பெட்டி. ஹைதராபாத்தில் உருவான ‘ஹனுமான்: பாய் வாரியர்’ 2009இல் வெளிவந்ததும் இதற்குத்தான். நம் ஊரில் இது வீட்டைவிடக் கடையில்தான் வாழ்ந்தது. மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கி, காலை முதல் இரவு வரை ஓடவிட்ட பெட்டிகள் அவை. பெரும்பாலும் பூட்டை உடைக்கும் சிப் போட்டவை, ஓடியதும் நகல் டிவிடிக்கள். மலிவான டிவிடியைப் படிக்க லென்ஸ் திணறும். திணறுகிறது என்று மெக்கானிக் அதன் பக்கத்திலுள்ள சிறு பொட்டென்ஷியோமீட்டரைத் திருகி லேசரின் சக்தியை ஏற்றிவிடுவார். ஆறு மாதம் ஓடும், பிறகு அடியோடு போகும். ‘லென்ஸ் போயிடுச்சு’ என்பது அந்தத் தலைமுறையின் பொதுவான இரங்கல் செய்தி.

அந்த லென்ஸ் அலகுகள் (கே.எச்.எஸ்-400 வரிசை) இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன, அசலின் தரத்தில் இல்லாவிட்டாலும். வாங்குவோர் அறிய வேண்டியது இரண்டு. நிலைமின்சாரம் தாக்காமலிருக்கப் புதிய அலகின் சிறு போர்டில் ஓர் ஈயப்பொட்டை வைத்து அனுப்புவார்கள். அதை எடுக்காமல் மாட்டிவிட்டு ‘டூப்ளிகேட் கொடுத்துட்டான்’ என்று கடைக்காரரைத் திட்டுபவர்கள் ஏராளம். இரண்டாவது, மெல்லிய 70000 வரிசைப் பெட்டிகளில் லென்ஸை அசைக்கும் சுருள்களை அவற்றை இயக்கும் ஐசியே எரித்துவிடும் கோளாறு இருந்தது. சிப் போட்ட பெட்டிகளில் இன்னும் அதிகம். ‘ரோமியோ’ என்று அழைக்கப்படும் ஒரு சிறிய காப்புச் சுற்றைப் போடாமல் புதிய லென்ஸைப் போட்டால் அதுவும் எரியலாம்.

லென்ஸை விட்டுவிட்டு வேறு வழியில் போவதுதான் பிஎஸ்2வின் மேம்பாடு. தடித்த பழைய பெட்டிகளின் பின்புறம் ஹார்ட் டிஸ்க்குக்கு இடம் உண்டு. சோனியின் நெட்ஒர்க் அடாப்டரில் இருந்த பழைய ஐடிஇ முனையைக் கழற்றிவிட்டு சாட்டா போர்டு மாட்டினால், இன்றைய மலிவான எஸ்எஸ்டியே போதும். 2008 முதல் மெமரி கார்டிலிருந்தே மென்பொருளைக் கிளப்பும் வழி இருப்பதால் சிப்பை ஈயம் வைத்துப் பொருத்தும் வேலை இல்லை. 90000 வரிசையின் பிற்காலப் பெட்டிகளில் மட்டும் அது ஓடாது. மெல்லிய பெட்டியில் ஹார்ட் டிஸ்க்குக்கு இடமில்லை. யுஎஸ்பி உண்டு என்றாலும் அது 1.1 வேகம், நடுவே வரும் வீடியோ திக்கித் திக்கித்தான் ஓடும். பிஎஸ்1, டிரீம்காஸ்ட் பெட்டிகளுக்கோ டிஸ்க் டிரைவையே எடுத்துவிட்டு எஸ்டி கார்டு போர்டை வைக்கிறார்கள். டிரீம்காஸ்டுக்கான ஜிடிஎமு போலந்தில் உருவானது, அதைச் சீனத்தில் நகலெடுத்து உலகெங்கும் விற்கிறார்கள். பழைய கேசட்டுகளுக்கு மாற்றான எவர்டிரைவ் உக்ரைன் சரக்கு. என் கருத்தில், ஓடும் டிரைவைக் கழற்றி இவற்றைப் போடுவது அவசரம். டிரைவ் செத்தபின் போட்டால் அது நியாயம்.

இந்தப் போர்டுகளை இங்கு வரவழைப்பது தனிக் கதை. 2020 நவம்பரில் தடைசெய்யப்பட்ட 43 செயலிகளில் அலி எக்ஸ்பிரஸும் ஒன்று. லென்ஸுக்கும் ரப்பருக்கும் உலகெங்கும் நாடுகிற கடை அது. அது போனபின் இடைத்தரகர் வழியாக, சுங்கவரியும் தபால்செலவும் சேர்ந்து, பொருளின் விலையைத் தாண்டிய விலைக்கு வருகிறது. மறுபக்கம் ஒரு நல்ல மாற்றமும் நடந்திருக்கிறது. பல மேம்பாட்டுப் போர்டுகளின் வரைபடத்தை அவற்றைச் செய்தவர்கள் பொதுவில் இலவசமாக வைத்துவிட்டார்கள். 2021 ஜனவரியில் வந்த ராஸ்பெர்ரி பை பிக்கோ என்ற மலிவான போர்டைக்கொண்டே பிஎஸ்1 மெமரி கார்டு செய்யலாம், கேம்கியூபைக் கிளப்பலாம். வெறும் பிசிபியைப் பெங்களூருவின் லயன் சர்க்யூட்ஸோ குஜராத்தின் பிசிபி பவரோ அடித்துக் கொடுக்கும். ஓசூரில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு அசெம்பிளி லைனில் நிற்கும் பிள்ளைகளுக்கு இதை ஈயம் வைத்து முடிப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

மிஞ்சுவது, அச்சில் வார்க்க வேண்டிய பாகங்கள்: பேடின் ரப்பர், பல்சக்கரம், பட்டன், பேட்டரி மூடி, டிரைவின் பெல்ட். இந்தக் கட்டுரையின் கனமான பகுதி இதுதான், ஓசூரின் பங்கு இருக்க வேண்டியதும் இங்கேதான். பேடின் ரப்பர் என்பது சிலிகோன் ரப்பர். ஒவ்வொரு பட்டனுக்கும் அடியில் மின்சாரம் கடத்தும் ஒரு கார்பன் வில்லை. அழுத்தும்போது ‘டக்’கென்று அமுங்கி மீளும் உணர்வு, வில்லையைச் சுற்றியுள்ள மெல்லிய சுவரின் தடிமனைப் பொறுத்தது. சீனத்து மாற்று ரப்பர்கள் பலவற்றில் இந்தச் சுவர் தடித்துப்போய், கட்டை விரல் வலிக்க அழுத்த வேண்டியிருக்கும். வண்டிகளுக்குக் குரோமெட்டும் பெல்லோவும் செய்யும் ரப்பர் கூடங்கள் இதே கம்ப்ரஷன் மோல்டிங் முறையில்தான் ஓடுகின்றன. கார்பன் வில்லையை அச்சில் இடம்பார்த்து வைப்பது மட்டும் கூடுதல் வேலை. பல்சக்கரம் பெரும்பாலும் பிஓஎம் என்ற அசிட்டால் பிளாஸ்டிக். அது ஆறும்போது ஏறத்தாழ 2 சதவீதம் சுருங்கும், அதற்கேற்ப அச்சைப் பெரிதாக வெட்ட வேண்டும். கைக்கடிகாரச் சக்கரம் பார்த்த ஊருக்கு இந்தக் கணக்கு புதிதல்ல.

பிறகு ஏன் செய்யவில்லை? ஒரு ரப்பர் மோல்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 10,000 ரப்பர் போட்டால் ஒன்றின்மேல் மோல்டுச் செலவு 10 ரூபாய். 200 மட்டும் போட்டால் 500 ரூபாய். வண்டிக் கம்பெனி லட்சக்கணக்கில் ஆர்டர் கொடுக்கும்போது, 200 ரப்பர் கேட்டு வருகிறவரை எந்த டூல் ரூம் முதலாளியும் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுப்பார், மோல்டு போட மாட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. வழிகள் இல்லாமல் இல்லை. ஸ்டீலுக்குப் பதில் அலுமினியத்தில் மோல்டு வெட்டலாம். பல கன்சோல்களின் ரப்பரை ஒரே ஃபேமிலி மோல்டில் அடுக்கலாம். இருபது முப்பது உருப்படிக்குச் சிலிகோன் அச்சில் பிசின் வார்க்கலாம். பேட்டரி மூடிக்கு 3டி பிரிண்டே போதும். பல்சக்கரத்துக்கு மட்டும் அது போதாது, பல் சீக்கிரம் தேயும்.

சட்டம் தடுக்குமோ என்ற பயம் பலருக்கு உண்டு. அது பெரிதும் தேவையற்ற பயம். இந்தியாவில் காப்புரிமை 20 ஆண்டு, வடிவமைப்புச் சட்டம் 2000இன்படி வடிவ உரிமை அதிகபட்சம் 15 ஆண்டு, சில்லின் வரைவமைப்புக்குத் தனிச் சட்டப்படி 10 ஆண்டு. 1990களின் பெட்டிக்கு இவை எல்லாம் கடந்துவிட்டன. தீராதது வணிகக்குறி, ஆகவே நின்டெண்டோ, சோனி என்ற பெயரை வார்த்துவிடக் கூடாது. மென்பொருளின் பதிப்புரிமையும் இன்னும் தீரவில்லை. 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்ந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பூட்டை உடைப்பவருக்கு 2 ஆண்டு வரை சிறை என்கிறது. ரப்பர் விற்பவருக்கு அதில் கவலையில்லை. சிப் போட்டு நகல் விளையாட்டும் ஏற்றிக் கொடுப்பவருக்கு உண்டு.

திரும்பச் செய்யவே முடியாதது சில்லு மட்டும்தான். ரிக்கோவின் படச் செயலியையோ பிஎஸ்2வின் இமோஷன் எஞ்சினையோ எந்த ஊரும் இனி வார்க்கப் போவதில்லை. எஃப்பிஜிஏ என்ற, வேண்டிய சுற்றாக மாற்றியமைத்துக்கொள்ளக்கூடிய சில்லில் பழைய கன்சோல்களை மறுபடி எழுதும் மிஸ்டர் போன்ற திட்டங்கள் அருமையானவை. ஆனால் அவை புதிய பெட்டிகள், பழைய பெட்டிக்கான பாகம் இல்லை. சில்லுக்கு இருக்கும் ஒரே சுரங்கம் டெட் போர்டு. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகளின் பட்டியலில் வீடியோ கேமும் இருக்கிறது. அந்த விதிகளில் மறுசுழற்சியாளர் தவிர, புதுப்பித்து விற்பவருக்கும் தனிப் பதிவு உண்டு. ஆனால் காயலான் கடைக்குப் போகும் கன்சோல் நேராக உடைக்கத்தான் போகிறது. 2022 இறுதியில் மத்திய அரசு தொடங்கிய பழுதுபார்க்கும் உரிமைத் தளமும் இன்று விற்கும் பொருட்களையே நினைத்துச் செய்யப்பட்டது.

அதே காயலான் கடையில் இன்னொன்றும் போய்க்கொண்டிருக்கிறது: டியூப் டிவி. 2006 முதல் தமிழக அரசு ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு இலவசமாகக் கொடுத்த 14 அங்குல வண்ணப் பெட்டிகள். பழைய கன்சோலுக்கு அதைவிடப் பொருத்தமான திரை இல்லை. புதிய எல்இடி டிவிக்கள் பழைய பெட்டியின் 240 வரிப் படத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு மசமசவென்று காட்டும், பட்டன் அழுத்தியபின் தாமதமாக நகரும். வாத்து சுடும் துப்பாக்கி டியூப் டிவியில் மட்டுமே வேலை செய்யும். எச்டிஎம்ஐ மாற்றிகளில் சில நூறு ரூபாய்ப் பொருளுக்குச் செலவு செய்யாதீர்கள். பிஎஸ்2வுக்கு ஒரு நல்ல காம்பொனென்ட் கேபிள், ஆர்ஜிபி சிக்னல் தரும் மற்றவற்றுக்கு ஜிபிஎஸ் கன்ட்ரோல் போர்டு, காசிருந்தால் ஓஎஸ்எஸ்சி என்ற மாற்றி. இலவச டிவி இன்னும் வீட்டில் இருந்தால் இவை எதுவும் வேண்டாம்.

ஓசூரின் சிறுதொழில் சங்கத்தினர் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: ஆர்டர் இல்லாத வாரத்தில் ஓர் அலுமினிய ஃபேமிலி மோல்டு போட்டுப் பாருங்கள். ஃபேமிகாம் பேட், பிஎஸ்1 பேட், மெகா டிரைவ் பேட் மூன்றின் ரப்பரும் அதில் அடங்கும். வாங்குபவர் ஓசூரில் இருக்க மாட்டார், இந்தியா முழுக்கச் சிதறி இருப்பார். கூரியருக்குக் கனமில்லாத பொருள் இது. பரணில் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு: மீட்டரால் அடாப்டரின் துருவத்தைப் பார்க்காமல் செருகாதீர்கள். முதல் எக்ஸ்பாக்ஸ் என்றால், 1.6 பதிப்பு நீங்கலாக, முதலில் அந்தக் கடிகாரக் கெபாசிட்டரைக் கழற்றுங்கள். ஓடவே ஓடாது என்று தெரிந்தாலும் போர்டைக் காயலான் கடையில் போடாமல், பழுதுபார்க்கும் யாருக்காவது கொடுங்கள்.